முதற்பரிசு எந்த மலைக்கு?

இரண்டு முக்கோண மலை. நடுவில் பாதிச் சூரியன். அங்கிருந்து வளைந்து இறங்கும் ஓர் ஆறு. ஒரு பக்கம் குடிசை, மறுபக்கம் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலு பறவை. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாரும் இந்தப் படத்தை ஒரு தடவையாவது வரைந்திருப்போம். மலையடிவாரத்துத் தென்காசியிலும் இதே மலைதான், மலையே கண்ணில் படாத நாகப்பட்டினத்திலும் இதே மலைதான். பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தப் படம் இவ்வளவு காலம் நிலைத்ததற்கு நடுவர்களே காரணம் என்பது என் உறுதியான எண்ணம். பரிசு கிடைக்கும் படத்தைத்தான் அடுத்த ஆண்டு மற்றவர்கள் வரைவார்கள். ஓவிய ஆசிரியர் வகுப்பில் சொல்வதைவிட, பரிசளிப்பு மேடையில் தூக்கிக் காட்டப்படும் படம் சொல்வது பிள்ளைகள் காதில் உரக்க விழுகிறது.

முதல்முறையாக நடுவராகப் போகும் ஓவிய ஆசிரியர்களுக்கும், கலைக் கல்லூரி முடித்து வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். நிலக்காட்சிப் போட்டிகளை மட்டும் மனதில் வைத்துச் சொல்கிறேன்.

1. அழைப்பு வந்த அன்றே விதிகளைக் கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலும் நாலு வரிதான் இருக்கும். தலைப்பு இயற்கைக் காட்சி, நேரம் இரண்டு மணி, தாள் எங்களுடையது, வண்ணம் உங்களுடையது. இது போதாது. நேரில் பார்த்து வரைய வேண்டுமா, நினைவிலிருந்து வரையலாமா? கைப்பேசியில் புகைப்படம் வைத்துக்கொள்ளலாமா? அது அவரே எடுத்த படமாக இருக்க வேண்டுமா? வேறொருவரின் ஓவியத்தைத் தழுவலாமா? படங்கள் மேசைக்கு வந்த பிறகு இந்தக் கேள்விகள் எழுந்தால், நீங்கள் சொல்லும் எந்தப் பதிலும் யாரோ ஒருவருக்கு அநியாயமாகப் படும்.

பெரிய இடங்களிலேயே இது நடந்திருக்கிறது. ரிச்சர்ட் வின் என்பவர் விட்டுச்சென்ற பணத்தில், சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 1897 முதல் ‘வின் பரிசு’ வழங்கிவருகிறது. ஆஸ்திரேலிய நிலக்காட்சியை வரைந்த சிறந்த படத்துக்கு உரிய பரிசு அது. 2010இல் சாம் லீச் என்ற ஓவியர் அதைப் பெற்றார். அந்தப் படமோ ஆடம் பைனாக்கர் என்ற டச்சு ஓவியர் 1660களில் வரைந்த ஓர் இத்தாலிய ஏரிக்கரையை மிக நெருக்கமாகத் தழுவியது. லீச் மூலத்தை ஒப்புக்கொண்டார். பரிசைத் தீர்மானிக்கும் அறங்காவலர்கள் தங்கள் முடிவை மாற்றவில்லை. தழுவுவது ஓவியத்தில் பழைய வழக்கம், அதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு நாட்டின் மண்ணைப் பார்த்து வரைவதற்கென்று ஒருவர் விட்டுச்சென்ற பணம், அந்த மண்ணின் முன் நின்றவருக்குப் போயிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. 2022இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், மிட்ஜர்னி என்ற செயலியைக் கொண்டு உருவாக்கிய படம் டிஜிட்டல் பிரிவில் முதலிடம் பெற்றது. அனுப்பியவர் மிட்ஜர்னி என்ற பெயரைக் குறிப்பிட்டிருந்தார். அது என்னவென்று நடுவர்களுக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்து படம் அனுப்பச் சொல்லும் போட்டி என்றால், வரையும்போது எடுத்த இரண்டு மூன்று புகைப்படங்களையும் சேர்த்து அனுப்பச் சொல்லி விதியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

2. பெயரை மறைக்கச் சொல்லுங்கள்.

படத்தின் பின்புறம் எண் மட்டும் இருக்கட்டும். பெயர், பள்ளி, ஊர் மூன்றும் தனிப் பட்டியலில், அமைப்பாளர் கையில். முன்பக்கம் கையெழுத்து இருந்தால் ஒரு துண்டுத் தாளால் மூடிவிடலாம். உங்கள் மாணவரின் கைவரிசை பெயர் இல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்தப் படம் கடைசிச் சுற்றுக்கு வந்தால், உடன் நடுவர்களிடம் சொல்லிவிட்டு அதைப் பற்றிய பேச்சிலிருந்து விலகி நில்லுங்கள். பாராட்டியும் பேச வேண்டாம், விட்டுக்கொடுத்தும் பேச வேண்டாம்.

3. ஒரே வெளிச்சம், ஒரே உயரம்.

படங்களை மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மேலே இருக்கும் பத்துப் படங்களுக்குக் கிடைக்கும் கவனம் அடியில் இருக்கும் படங்களுக்குக் கிடைக்காது. இடம் இல்லையென்றால் பள்ளி வராந்தாவில் கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள், அல்லது சுவரோரம் பெஞ்சுகளில் சாய்த்து வையுங்கள். ஒரு பாதி ஜன்னல் வெளிச்சத்திலும் மறு பாதி மஞ்சள் விளக்கிலும் இருந்தால் நீலத்தையும் பச்சையையும் நீங்கள் நம்ப முடியாது.

பக்கத்தில் எது இருக்கிறது என்பதையும் பாருங்கள். 1832இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் ஆங்கில ஓவியர் டர்னரின் சாம்பல் நிறக் கடற்காட்சி ஒன்று, இன்னொரு ஓவியரான கான்ஸ்டபிளின் ‘வாட்டர்லூ பாலத் திறப்பு’ படத்துக்கு அருகில் மாட்டப்பட்டிருந்தது. கான்ஸ்டபிளின் படத்தில் சிவப்பும் பொன்னிறமும் மின்னின. டர்னர் வந்தார், இரண்டையும் பார்த்தார், தன் சாம்பல் கடலின் நடுவே ஒரே ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். கண்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. பிறகு அந்தப் பொட்டை ஒரு மிதவையாக மாற்றினார். டர்னருக்கு அப்படிப் பதில் சொல்ல உரிமை இருந்தது. உங்கள் போட்டியில் பன்னிரண்டு வயதுப் பையனின் மெல்லிய நீர்வண்ணப் படம், ஆரஞ்சுச் சூரியாஸ்தமனம் ஒன்றின் பக்கத்தில் மாட்டப்பட்டால் அவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நீங்கள்தான் அதை எடுத்து வேறு இடத்தில் மாட்டிப் பார்க்க வேண்டும்.

4. முதல் சுற்றில் பேனாவைத் தொடாதீர்கள்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாப் படங்களையும் ஒரு முறை முழுக்கப் பாருங்கள். பத்தடி தூரத்திலிருந்து ஒரு பார்வை, கையெட்டும் தூரத்திலிருந்து ஒரு பார்வை. தூரத்தில் நன்றாக இருந்து கிட்டே போனதும் சரிகிற படங்கள் உண்டு. தூரத்தில் ஒன்றுமில்லாததுபோல் இருந்து, கிட்டே போனால் விடாமல் பிடித்துக்கொள்ளும் படங்களும் உண்டு. இந்த இரண்டாவது வகைதான் அவசரக்காரர்களிடம் தோற்றுப்போகிறது. சத்தமான நிறங்கள் முதல் நிமிடத்தில் ஜெயிக்கும். அரை மணி கழித்தும் அவை ஜெயிக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பேனாவைத் திறங்கள்.

5. இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த நிலம், எந்தப் பொழுது?

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது தொல்காப்பியம். பாட்டுக்குச் சொன்னது படத்துக்கும் பொருந்துகிறது. நிலக்காட்சி என்ற பெயரில் வரும் படங்களில் பாதிக்கு மேல் எந்த ஊரும் இல்லை, எந்த நேரமும் இல்லை. பனி மூடிய சிகரம், ஊசியிலை மரங்கள், நடுவில் ஒரு ஏரி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1983 முதல் 1994 வரை பாப் ராஸ் அரை மணி நேரத்தில் வரைந்து காட்டிய மலைகள் இணையம் வழியாக நம்மூர்ப் போட்டிக்கு வந்திருக்கின்றன. அவர் பல பேருக்குத் தூரிகை பிடிக்கத் துணிச்சல் தந்தவர், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் விருதுநகரிலிருந்து வந்த படத்தில் பனிமலை இருந்தால், அந்தப் பிள்ளை எதையும் பார்க்கவில்லை, பார்த்தவரைப் பார்த்திருக்கிறது.

நிலத்தைப் பார்த்தவர் கை தனியாகத் தெரியும். பனையும் தென்னையும் ஒரே மாதிரி இருக்கிறதா, வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். பனையோலை விசிறிபோல் விரியும், தென்னங்கீற்று இறகுபோல் தொங்கும். பனை கறுத்து நிமிர்ந்து நிற்கும், தென்னை பெரும்பாலும் வெளிச்சம் தேடி வளையும். புளியமரத்தின் நிழல் அடர்த்தி, வேம்பின் நிழலில் விழும் பொட்டுப் பொட்டான வெயில், சீமைக்கருவேலத்தின் அடியில் நிற்கும் தூசி நிறம், இவற்றில் ஒன்றைப் பிடித்திருந்தாலும் அது கவனிக்க வேண்டிய படம். உப்பள ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வரைந்த படம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. படத்தில் மரமே இல்லை. தாளின் வெள்ளையை அப்படியே விட்டு உப்புக் குவியல் ஆக்கியிருந்தாள், பாத்திகளில் வெளிறிய வானம், வரப்பில் ஒரு ஈரப் பழுப்பு. மூன்று நிறத்துக்கு மேல் தொடவில்லை. தூத்துக்குடி வெயிலில் கண் கூசுவது அந்தத் தாளில் கூசியது.

பொழுதை நிழல் சொல்லும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன் உட்கார்ந்து வரையும் போட்டிக்கு நடுவராகப் போகிறீர்கள் என்று வையுங்கள். கடல் கிழக்கே. காலை ஒன்பது மணிக்குச் சூரியன் கடலின் பக்கம்தான் நிற்கும். நிலத்தின் பக்கமிருந்து பார்ப்பவருக்குக் கோயில் நிழல் முகம் காட்டும், விளிம்புகளில் மட்டும் ஒளி ஓடும். காலைப் போட்டியில் அந்தப் பக்கத்திலிருந்து வரைந்த படத்தில் விமானம் முழுக்கப் பளீரென்று மஞ்சள் வெயில் வாங்கியிருந்தால், அவர் கோயிலைப் பார்த்து வரையவில்லை. மனதில் இருந்த அஞ்சலட்டையைப் பார்த்து வரைந்திருக்கிறார். இடத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள் என்று சொல்வேன். போட்டி நடக்கும் நேரத்திலேயே போய், நீங்களும் ஓரமாக உட்கார்ந்து ஒரு சின்னக் குறிப்புப் படம் போடுங்கள். வெளிச்சம் எப்போது எங்கே நகர்ந்தது என்பது உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும். மூன்று மணி நேரத்தில் நிழல் இடம் மாறும். தேர்ந்தவர் தொடக்கத்திலேயே நிழலைக் குறித்துவிட்டு அதையே பிடித்துக்கொள்வார். ஒரே படத்தில் படகின் நிழல் ஒரு திசையிலும் கம்பத்தின் நிழல் இன்னொரு திசையிலும் கிடந்தால் அவர் நிழலைத் துரத்திக்கொண்டே போயிருக்கிறார் என்று பொருள். அது அனுபவக் குறை, பார்வைக் குறை அல்ல. இரண்டையும் ஒரே கணக்கில் கழிக்காதீர்கள்.

6. பச்சையில் நின்று பாருங்கள்.

போஸ்டர் கலர் புட்டியிலிருந்து நேரே எடுத்துத் தடவிய பச்சை எந்த வயலிலும் கிடையாது. நாற்றங்காலின் பச்சையில் மஞ்சள் தூக்கலாக இருக்கும். நட்டுப் பிடித்த பயிர் நீலத்தை நோக்கிக் கறுக்கும். கதிர் முற்றும்போது பழுப்பும் பொன்னும் உள்ளே புகும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தினமும் கண்ணில் படுவது. ஆனாலும் படத்தில் வரும்போது அடித்தாற்போல் ஒரே பச்சையாகிவிடுகிறது. கலந்து எடுத்த பச்சை, கொஞ்சம் அழுக்காக இருந்தாலும், மேலே வர வேண்டும்.

இதில் நடுவர்களும் தவறியிருக்கிறார்கள். கான்ஸ்டபிள் தன் ஊர்ப் புல்வெளிகளை உள்ளபடியே பச்சையாக வரைந்தவர். பழைய வார்னிஷின் பழுப்பேறிய படங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. 1830இல் ராயல் அகாடமியின் தேர்வுக் குழுவில் அவரே உட்கார்ந்திருக்க, சாலிஸ்பரி அருகே நீர்ப்புல்வெளிகளை வரைந்த அவருடைய படம் தவறுதலாக வெளியார் படங்களோடு கலந்து வந்தது. யாருடையது என்று தெரியாமல், அந்தப் பச்சையை ஒருவர் பழிக்க, குழு அதைத் தள்ளியது. அது அவருடையது என்று தெரிந்து குழுவினர் முடிவை மாற்ற முன்வந்தபோதும் கான்ஸ்டபிள் ஒப்பவில்லை. இன்று அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய ‘வைக்கோல் வண்டி’ 1821இல் லண்டனில் விலைபோகவில்லை. அதே படத்துக்கு 1824இல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம். பெயரை மறைத்துப் பார்ப்பது நல்லது என்று மேலே சொன்னேன். மறைத்தால் மட்டும் போதாது, கண்ணில் படிந்த பழைய பழக்கத்தையும் கவனிக்க வேண்டும்.

7. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்.

நிறத்தை மறந்து வெளிச்சமும் இருளும் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. சந்தேகம் வந்தால் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முன்னால் இருக்கும் மரமும் பின்னால் இருக்கும் மலையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் படத்தில் தூரம் இல்லை. தூரத்து மலை நீலமாகவும் வெளிறியும் தெரிவது இடையில் இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிப்பதால்தான். அதை ஒரு பிள்ளை தானாகப் பார்த்து வெளிறவிட்டிருந்தால் பெரிய விஷயம்.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். எங்கே தடவக் கூடாது என்று முதலிலேயே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது, அதனால்தான் அது கடினமான ஊடகம். ஆற்று மினுமினுப்பை வெள்ளை போஸ்டர் கலரால் கடைசியில் தொட்டிருக்கிறாரா, தாளை விட்டுவைத்திருக்கிறாரா என்று அருகில் போய்ப் பாருங்கள். தொட்டால் தப்பு என்று சொல்லவில்லை, விட்டுவைத்தவரின் திட்டத்துக்கு மதிப்புக் கொடுங்கள் என்கிறேன். கே. சி. எஸ். பணிக்கர் இளமையில் வரைந்த நீர்வண்ண நிலக்காட்சிகளைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை 1966இல் உருவாக்கியவர் என்றே அவரை அறிந்திருப்போம். அதற்கு வெகுகாலம் முன்பே, தென்னையும் வாய்க்காலும் அவர் கையில் ஈரமாகவே நின்றன.

தண்ணீரில் தெரியும் பிம்பம் எப்போதும் பொருளுக்கு நேர் கீழே, பார்ப்பவரை நோக்கி விழும். நிழல் சூரியனுக்கு எதிர்த் திசையில் போகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது பெரியவர்கள் படத்திலும் உண்டு.

8. ‘சுத்தத்துக்கு’ மதிப்பெண் வைக்காதீர்கள்.

பல போட்டிகளின் மதிப்பெண் தாளில் கருத்து, வண்ணம், நேர்த்தி என்று மூன்று கட்டம் இருக்கும். நேர்த்தி என்றால் கோட்டுக்கு வெளியே வண்ணம் போகாமல் இருப்பது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். விளைவு என்னவென்று பாருங்கள். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் மேகத்துக்குக்கூட விளிம்பு கட்டி உள்ளே நிரப்பும் படங்கள் வரிசையாக வருகின்றன. மேகத்துக்கு விளிம்பு உண்டா? மழை வரும் வானத்தை ஈரத்தின்மேல் ஈரமாகத் தட்டியவருக்கு ஒரு பக்கம் வழிந்திருக்கும், ஒரு மூலையில் கறை நின்றிருக்கும். வழிந்த இடம் மழையாகப் படுகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தக் கட்டத்தை மாற்றி ‘கவனிப்பு’ என்று எழுதச் சொல்லி அமைப்பாளர்களை வற்புறுத்துங்கள், அதற்கு மூன்றில் அதிக மதிப்பெண் வைக்கச் சொல்லுங்கள்.

9. தொடுவானம் இல்லாத படத்தை ஓரம் தள்ளாதீர்கள்.

தூரம், ஆழம் என்று இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் குகைக் கூரையில், சுமார் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைக் குளம் இருக்கிறது. மீன், யானை, எருது, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே தளத்தில். அங்கே அடிவானம் கிடையாது. குளத்தின் குளிர்ச்சி குறைந்தா இருக்கிறது? அதே வின் பரிசை 1999இல் ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் குளோரியா பெட்யாரே பெற்றார். படத்தின் பெயர் ‘இலைகள்’. மருந்துக்குப் பயன்படும் இலைகள் காற்றில் புரள்வதுபோல் திரை முழுக்கத் தூரிகைத் தீற்றல்கள். வானமும் இல்லை, தரையும் இல்லை. ஆனாலும் அது ஓர் இடம். அந்த நடுவர்கள் அதை நிலக்காட்சி என்று ஒப்புக்கொண்டது துணிவான, சரியான முடிவு. வரைந்தவர் தூரத்தைக் காட்டத் தெரியாமல் விட்டாரா, வேறொரு முறையில் நிலத்தைச் சொல்ல வேண்டி விட்டாரா என்று நிதானமாகப் பாருங்கள். பெரும்பாலும் படமே சொல்லிவிடும்.

10. சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்களின் அளவுகோலால் அளக்காதீர்கள்.

ஏழெட்டு வயதில் வானம் தாளின் உச்சியில் ஒரு நீலப் பட்டை, தரை கீழே ஒரு பச்சைப் பட்டை, நடுவில் வெள்ளை. அது பிழை இல்லை. அந்த வயதில் உலகம் அப்படித்தான் தாளில் இறங்குகிறது. அந்த வெள்ளைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆட்டுக்குட்டி, தண்ணீர் லாரி, துணி காயும் கொடி, செல்போன் கோபுரம் இருந்தால் அந்தப் பிள்ளை தன் தெருவை வரைந்திருக்கிறது. ஆறு வயதுக் கையில் வரவே முடியாத மெல்லிய வண்ணக் கரைவும் அளந்து போட்ட கோடும் இருந்தால் அம்மாவோ அப்பாவோ ஓவிய வகுப்பு ஆசிரியரோ உள்ளே வந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையை மேடையில் வைத்துக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். பரிசை வேறு படத்துக்குக் கொடுத்துவிடுங்கள், போதும்.

11. கூட்டல் கணக்கை மட்டும் நம்பாதீர்கள்.

மூன்று நடுவர்கள், பத்துக்கு மதிப்பெண். ஒரு படத்துக்கு மூவரும் ஏழு கொடுத்தால் இருபத்தொன்று. இன்னொன்றுக்குப் பத்து, ஏழு, மூன்று என்று வந்தால் இருபது. முதல் படம் ஜெயிக்கும். யாருக்கும் பிடிக்காமல் இல்லாத, யாரையும் உலுக்காத படம் அது. பத்துக் கொடுத்தவர் எதைப் பார்த்தார், மூன்று கொடுத்தவருக்கு எது உறுத்தியது என்ற பேச்சே அங்கே நடக்கவில்லை. ஆகவே மதிப்பெண்ணை வடிகட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். கடைசிப் பத்துப் படத்தை வரிசையாக வைத்து, நின்று பேசுங்கள். ஒவ்வொரு நடுவருக்கும் ஒரு படத்தை ‘இது பேசாமல் போகக் கூடாது’ என்று தடுத்து நிறுத்தும் உரிமை இருக்கட்டும். வயதில் மூத்த நடுவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசிவிட்டால் இளையவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். இதை மூத்தவரிடம் நீங்களே பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம், நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நடுவர்களின் ஒருமித்த ரசனை எவ்வளவு கதவுகளை அடைக்கும் என்பதற்குப் பிரெஞ்சு ஓவியர் தியோடோர் ரூசோ ஒருவரே போதும். ஃபோன்தேன்ப்ளோ காட்டின் மரங்களைத் தனித்தனி ஆட்களைப்போல் வரைந்தவர். பாரிஸ் ஸலோன் கண்காட்சி 1836 முதல் 1841 வரை அவரைத் திரும்பத் திரும்ப மறுத்தது. அதே ரூசோ 1867 உலகக் கண்காட்சியில் ஓவியத் தேர்வுக் குழுவின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதே ஆண்டு இறந்தும் போனார். ஒரு நல்ல ஓவியருக்கு இழந்த ஆண்டுகளைப் பின்னால் கொடுத்த நாற்காலி ஈடுசெய்யாது.

12. பரிசுகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுங்கள்.

பெரியவர்களுக்கான போட்டியில் தகுதியான படம் இல்லையென்றால் முதற்பரிசை நிறுத்திவைக்க விதி இடம் கொடுக்கலாம். பிள்ளைகள் போட்டியில் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். ஆறுதல் பரிசு என்ற பெயர் எனக்குப் பிடிப்பதில்லை. அதைக் கேட்டுக்கொண்டு ஒரு பிள்ளை மேடை ஏறுவது கஷ்டமாக இருக்கும். அதே பணத்தில் ‘சிறந்த வானம்’, ‘சிறந்த மரம்’, ‘தன் ஊரை வரைந்த படம்’ என்று குறிப்பாக ஒன்றுக்குக் கொடுங்கள். எதற்காகக் கிடைத்தது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அடுத்த ஆண்டு அந்த ஊரில் நாலு பேர் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள்.

13. காரணம் சொல்லாமல் முடிவை அறிவிக்காதீர்கள்.

முதற்பரிசுப் படத்தை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்து, ஏன் என்று நாலு வாக்கியம் பேசுங்கள். ‘மிக அருமை’ என்பது காரணம் ஆகாது. ‘இந்தக் குளத்தில் மாலை நேரம் தெரிகிறது, கரையின் ஈரத்தை இவர் கவனித்திருக்கிறார், மரத்துக்குக் கறுப்பு போடாமல் நீலத்தையும் பழுப்பையும் கலந்திருக்கிறார்’ என்று விரலை வைத்துக் காட்டுங்கள். அரங்கில் இருக்கும் மற்றப் பிள்ளைகளின் கண் அந்த விரலைத் தொடரும். பெற்றோர்களுக்கும் இது வேண்டும். தங்கள் பிள்ளையின் பளபளப்பான படம் ஏன் வரவில்லை என்ற கேள்வி அவர்களுக்கு இருக்கும். பரிசு பெறாத ஒரு படத்தையாவது மேடையில் காட்டி, அதில் நன்றாக இருப்பதைச் சொல்லுங்கள்.

பிறகு படங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். போட்டிக்கு வந்த படம் அமைப்பாளரின் அலமாரியில் கரையானுக்குப் போவதை நான் ஏற்க மாட்டேன். முகப்பில் ஸ்டேப்ளர் முள்ளோ, பரிசு எண் எழுதிய சிவப்பு மார்க்கரோ படக் கூடாது. நேரம் இருந்தால் பின்புறம் இரண்டு வரி எழுதுங்கள். எது பிடித்தது என்று ஒரு வரி, அடுத்த முறை எந்த இடத்தில் போய் எந்த நேரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஒரு வரி. ‘ஊர்க் கண்மாய்க்கு அதிகாலையில் போய்ப் பார்’ என்பதுபோல. பென்சிலால் எழுதுங்கள், மெல்லிய தாளில் பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் புடைத்துத் தெரியும்.